எடைமேடை வரைக்கும்

மதியம் இரண்டரை மணி. ஊர்க்கோடியில் லாரிகளை நிறுத்தி எடை போடுவார்களே, அந்த எடைமேடையைத் தாண்டினால் ஒரு நீளமான ரோடு. இரண்டு பக்கமும் முள்ளும் புதரும். கடை இல்லை, வீடு இல்லை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அந்த ரோட்டில் ஒரு பழைய கார்... தன்னந்தனியாக... பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. உஸ்ஸ்ஸ் என்று ஆவி.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? வேலை பார்த்துப் பழகிய பேய், வேலை நேரத்தில்தான் வரும். கரண்ட் வருகிற வரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம், கேளுங்கள். அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்திவிடுங்கள்.

நம் மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு நடந்தது இது. ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க எதையும் அளந்தே ஊற்றி, அளந்தே பேசி, அளந்தே சிரித்தவர். அதனால் ஊரில் அவருக்கு 'அவுன்ஸ்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் வாங்கும்போது மட்டும் வெளியே வரும்.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஊருக்கே டீச்சர். உருண்டைக் கண் விளக்கும், சோபா மாதிரி நீள முன்சீட்டும் வைத்த அந்தக் காலத்துக் கார் அவருடையது. காருக்கும் டீச்சருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கார்தான் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும். டீச்சர் யாரையும் அதட்டியதே இல்லை. அதட்ட வேண்டிய அவசியமும் இல்லை... காலடியில் ஆயுதம் இருந்தது. கற்றுக்கொடுக்கிற கார்களில் பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அடியில் ஒரு இரும்புக் கம்பி இரண்டு பக்கத்துப் பெடல்களையும் இணைக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் டீச்சர் இந்தப் பக்கத்திலிருந்தே அமுக்கிவிடுவார். புது ஆள் என்றால் அவர் கால் பிரேக்கை விட்டு எழும்பவே எழும்பாது. லேசாக, பட்டும் படாமல், அதன் மேலேயே இருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். பாடம் எடைமேடை வரைக்கும்தான். அங்கே போனதும் மோதிரம் போட்ட விரலால் டாஷ்போர்டில் இரண்டு தட்டு. டக்... டக். போதும், வண்டியைத் திருப்பு என்று அர்த்தம். யாராவது கெஞ்சினால், "அதுக்கு அப்பால லாரி ரோடு. கத்துக்குட்டிக்கு அங்க என்ன வேலை?" என்பார்.

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கட்டின புருஷனுக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. "உங்களுக்கு வேகமும் வராது, பயமும் போகாது. பேசாம பின்னாடி உட்காருங்க." அவரும் முப்பது வருஷம் பேசாமல் பின்னாடி உட்கார்ந்தார்.

டீச்சர் போனது ஒரு மதியத் தூக்கத்தில். படுத்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவுன்ஸ் அழவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் எழுந்து எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "கல்லு மாதிரி இருக்காரே" என்றார்கள் பெண்கள். "அழுகையை அளந்துகிட்டு இருக்காரு, வரும்" என்று ஒருத்தி சொன்னாள். யார் என்று கேட்காதீர்கள்.

மாதங்கள் போயின. அழுகை வரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார். மழையில் நனைந்தால் நனைந்தபடியே இருந்தார். பல் பிடுங்கும் முன்னால் மரத்துப்போக ஊசி போடுவார்களே... அதை யாரோ உடம்பு முழுக்கப் போட்டுவிட்ட மாதிரி.

அப்போதுதான் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மகள் இருப்பது நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறு ஊரில். போனில் குழந்தை அழுவதைக் கேட்டார். டீச்சர் போன பிறகு அவருக்கென்று ஒரு ஆசை வந்தது அன்றைக்குத்தான். அதைக் கையில் வாங்க வேண்டும்.

"மொத்தமா இங்க வந்துடுங்கப்பா. தனியா அந்த வீட்டுல யாரைக் காவல் காக்குறீங்க? பஸ் ஏறுங்க" என்றாள் மகள்.

"கார்லதான் வருவேன். அம்மா வண்டியை விட்டுட்டு வர முடியாது."

"யாரு ஓட்டுவா?"

"நான்."

மகள் அந்தப் பக்கம் சிரித்தாளா, அழுதாளா தெரியாது. இவர் மறுநாளே போய் எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். டீச்சரின் புருஷனே வந்து சேர்ந்ததும் அந்த வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. போர்டுக்கு மாலை போடாத குறை. இவரும் தட்டுத்தடுமாறி லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

கிளம்பின அன்றுதான் முதலில் சொன்ன அந்த மதியம். ஊருக்குள் வண்டி சமர்த்தாகப் போனது. எடைமேடை வந்தது. டக்... டக். எஞ்சினில் ஏதோ தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு தாண்டினார். அப்புறம் வண்டி கனத்தது. இழுக்க முடியாமல் முனகியது. சூட்டைக் காட்டுகிற முள் மெல்ல ஏறியது... சிவப்பைத் தொட்டது... குபுகுபு என்று ஆவி. ஓரங்கட்டி, ஈரத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் மணிக்கட்டில் பாய்ந்தது. அவர் கையை இழுக்கவில்லை. ஏதோ தண்ணீர் படுகிறது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கிளப்பினார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, மறுபடி கொதிப்பு. வேறு வழியில்லாமல் ஊரைப் பார்த்துத் திருப்பினார். திருப்பினதுதான் தாமதம்... முள் தானாக இறங்கியது. வீடு வந்து சேரும்போது எஞ்சின் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது.

மெக்கானிக்குக்கு 'பானெட்டு' என்று பெயர். அவன் தலை எப்போதும் ஏதாவது ஒரு காரின் பானெட்டுக்குள்தான் இருக்கும், வாய் மட்டும் வெளியே கேட்கும்.

"போகும்போது கொதிக்குது, வரும்போது கொதிக்கலையா? ஏன் சார், எஞ்சினுக்குப் போற வழி எது, வர்ற வழி எதுன்னு தெரியுமா?" என்றான். அப்புறம் அவர் கையைப் பார்த்தான். மணிக்கட்டு முழுக்கக் கொப்புளம். "ஐயோ சார்... வலிக்கலையா?"

"வலிக்கணுமா?" என்றார் அவுன்ஸ். நிஜமாகவே கேட்டார்.

பானெட்டு வேலையில் இறங்கினான். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான், துருத் தண்ணீர் கொட்டியது. "ஆளு இவன்தான் சார்" என்றான். ஆள் அவன் இல்லை. மறுநாளும் கொதித்தது. ஃபேன் பெல்ட்டை மாற்றினான். "இவன்தான்." இவனும் இல்லை. வாட்டர் பம்ப்பைப் பிரித்துப் பூட்டினான். எஞ்சின் சூடானால் திறந்து தண்ணீரை ஓடவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொடுத்தான். அவுன்ஸ் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆஸ்பத்திரி வெப்பமானியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அது திறக்கிறதா என்று பார்த்தார். ஒழுங்காகத் திறந்தது. "அந்த டக் டக் சத்தம் வால்வைத் தள்ளுற டாப்பெட்டு சார்" என்று பானெட்டு அதையும் சரி செய்தான். எடைமேடை வந்ததும் டக்... டக். முள் ஏறியது.

"ஹீட்டரைப் போட்டுப் பாருங்க சார். எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ள வந்துடும்" என்றான். சரி என்று உச்சி வெயிலில் ஹீட்டரை முழுசாகத் திருகி வைத்து ஓட்டினார். முகத்தில் அனல். சட்டை தொப்பலாக நனைந்தது. பக்கத்து சீட்டுப் பக்கத்துக் கண்ணாடி மட்டும்... உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது. யாரோ ஊதினாற்போல ஒரு வட்டம். பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். கொதித்ததும் திருப்பிக்கொண்டு வந்தார்.

நடுவில் மகளிடமிருந்து போன். "பாப்பா சிரிக்க ஆரம்பிச்சுட்டாப்பா. நீங்க வந்து சேர்றதுக்குள்ள அவளே வண்டி ஓட்டிக்கிட்டு வந்து உங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவா."

கடைசியில் பானெட்டு தானே முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். "நான் வர்றேன், பார்க்கலாம்." எடைமேடை தாண்டியது. தட்டல் இல்லை. கொதிப்பு இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பானெட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் மூச்சுக்காத்து பட்டாலே அடங்கிடும் சார்." இறங்கும்போது மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "ஆனா முட்டிக்குக் கீழ ஐஸ்ல வச்ச மாதிரி இருந்துச்சு. ஏதோ ஓட்டை வழியா காத்து வருது போல."

அடுத்த நாள் அவுன்ஸ் தனியாகப் போனார். டக்... டக். கொதிப்பு. இந்தத் தடவை ஒரு நாற்றமும் சேர்ந்து வந்தது. முடி கருகின மாதிரி... ரப்பர் எரிந்த மாதிரி. ஒர்க்ஷாப்பில் பானெட்டு மோந்து பார்த்துவிட்டு, ஈரக் கையைச் சக்கரத்தின் மேல் உதறினான். சுர்ர்ர் என்று பொரிந்தது.

"எஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்ல சார். பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க. எஞ்சின் இழுக்குது, பிரேக்கு விடமாட்டேங்குது... கொதிக்காம என்ன செய்யும்?"

"நான் பிரேக்ல காலே வைக்கல."

"புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் இதையேதான் சார் சொல்லுவாங்க. நாளைக்குப் பின்சீட்டுல உட்கார்ந்து உங்க காலைப் பார்க்கிறேன். அப்ப தெரிஞ்சுடும் வண்டவாளம்."

மறுநாள் பின்சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டுச் சாய்மானத்துக்கு மேலாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் பேச்சு. எடைமேடை வந்தது. டக்... டக். பேச்சு நின்றது. அவுன்ஸின் கால் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது. பானெட்டு பார்த்தது அதை இல்லை. ஆள் இல்லாத பக்கத்தில்... பிரேக் பெடல்... தானாக... மெல்ல இறங்கியது. இறங்கி, அப்படியே நின்றது.

"திருப்புங்க சார்" என்றான். திருப்பினார். பெடல் எழும்பியது.

ஒர்க்ஷாப் வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பேனரை எடுத்து, பக்கத்து சீட்டுப் பெடல் இரண்டையும் கம்பியோடு கழற்றித் தரையில் போட்டான். வாயாடி வாய் மூடினால் அது வேறு பயம். பார்த்ததை அவன் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னான். ஒரே ஒரு ஆள் போதாதா நமக்கு?

அவுன்ஸ் கேட்டது ஒன்றுதான். "எவ்வளவு அமுக்கியிருந்துச்சு?"

பானெட்டு ஒரு விரலைப் படுக்கவைத்துக் காட்டினான். "ஒரு விரல்கடை சார்."

அவுன்ஸ் தலையாட்டினார். "கத்துக்குட்டிக்கு அவ்வளவுதான் அமுக்குவா."

மறுநாள் மதியம் கிளம்பினார். எடைமேடை... தட்டல் இல்லை. லாரி ரோடு... முள் அசையவில்லை. கண்ணாடியில் பனி இல்லை. ஹீட்டரைப் போடவில்லை. அவருடைய வலது கால் மட்டும், முழங்காலுக்குக் கீழே, மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்தது. மரத்துப்போய்ப் பழகின உடம்பு. அவர் பொருட்படுத்தவில்லை.

பொழுது சாய மகள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை ஓடிவந்தார். "மாமா! நிஜமாவே நீங்களேதான் ஓட்டிக்கிட்டு வந்தீங்களா? வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" மகள் குழந்தையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். சின்னச் சுமை. பால் வாசனை. குழந்தை அவர் விரலைப் பிடித்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவருக்குக் கொஞ்சிப் பேச வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தார்...

குழந்தை வீரிட்டது.

"என்னப்பா... உங்க கை ஏன் இப்படிக் கொதிக்குது?" மகள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். அதன் தொடையில் அவர் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது.

காய்ச்சல் அன்று ஏறியது, இறங்கவில்லை. மாத்திரை, ஊசி, ஈரத்துணி எல்லாம் போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒரு டாக்டர் இதுதான் என்றார், அது இல்லை. இன்னொருவர் இதுதான் என்றார், அதுவும் இல்லை. "எல்லாம் நார்மல்" என்று காகிதம் வந்தது. வாழ்நாள் முழுக்கக் காய்ச்சல் மருந்து அளந்து ஊற்றியவர் கட்டிலில் கிடந்து, அடுத்த அறையில் பேத்தி அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தையைப் பக்கத்தில் கொண்டுவர மகளுக்கு தைரியம் வரவில்லை. வலது காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மேலே யாரோ பாதத்தை வைத்திருக்கிற மாதிரி.

"அதிகமா இல்ல. லேசாத்தான் வச்சிருக்கா" என்று ஒரு தரம் சொன்னாராம். ஜுர வேகம் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசியில் அவரே சொன்னார். "என்னை வீட்டுல கொண்டுபோய் விட்டுடு."

மாப்பிள்ளை அந்தப் பழைய காரையே ஓட்டினார். பின்சீட்டில் மகள், மடியில் குழந்தை, தோளில் அப்பாவின் தலை. அவள் கை வழி முழுக்க அவர் நெற்றியில்தான் இருந்தது. அடுப்பு மாதிரி இருந்த நெற்றி வரவரத் தணிந்தது. எடைமேடையைத் தாண்டியபோது... சில்லென்று ஆகிவிட்டது. அவுன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பசிக்குது" என்றார்.

மறுநாள் காலையில் பானெட்டிடம் போனார். "அந்தப் பெடலை மறுபடி மாட்டிடுப்பா."

"சார்... வேண்டாம் சார்."

"மாட்டிடு. காலை வச்சுக்க அவளுக்கு ஒரு இடம் வேணும்ல?"

மாட்டினான். ஒரு போல்ட் அவன் கையிலிருந்து இரண்டு தரம் கீழே விழுந்தது. அன்றிலிருந்து அவுன்ஸ் தினம் மதியம் காரை எடுப்பார். எடைமேடை வரை போவார். டக்... டக். திருப்பிக்கொண்டு வருவார். காய்ச்சல் இல்லை, கொதிப்பு இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது அழுவதில்லை. மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிவிட்டார். மகள் மட்டும் சில நாள் இருந்து பார்த்தாள். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். இனி என்ன... பெட்டியைக் கட்டினாள்.

"நீங்க வர முடியாட்டி என்னப்பா? நாங்க வந்து வந்து போறோம். பாப்பாவுக்கு நீங்கன்னா உசிரு."

அவுன்ஸ் பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்தார். மதிய பஸ், பாதி சீட் காலி. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குழந்தை மடியில் தூங்கியது. எடைமேடை வந்தது.

முன்சீட்டுக் கம்பியில்... டக்... டக்.

அந்த மோதிரச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவளும் அம்மாவிடம் ஓட்டக் கற்றவள்தான். முன்சீட்டில் ஆள் இல்லை. பஸ் நிற்காமல் தாண்டியது. அவள் வேறு ஒன்றும் செய்யவில்லை. குழந்தையின் நெற்றியில் கையை வைத்தாள்.

"நிறுத்துங்க" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். கண்டக்டருக்கு என்ன தோன்றியதோ, உடனே விசில் அடித்தார்.

மிச்சத்தைப் பார்த்தவர் எடைமேடைக்காரர். கூண்டுக்குள் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையும் பெட்டியுமாக ஒரு பெண் வெயிலில் நடந்து வருகிறாள். பெட்டியைக் கீழே வைக்கிறாள். எடைமேடையின் இரும்புத் தகடு முடிகிற இடத்தைத் தாண்டி லாரி ரோட்டில் ஓரடி வைக்கிறாள்... குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். ஓரடி பின்னால் வருகிறாள்... தொட்டுப் பார்க்கிறாள். மறுபடி முன்னால். மறுபடி பின்னால். முகத்தில் ஒன்றும் இல்லை. அழுகை இல்லை, பயம் இல்லை. கடையில் துணியின் நிறம் சரியா என்று பார்க்கிற முகம்.

வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் கூண்டிலிருந்து எட்டிக் கேட்டார். "என்னம்மா, எதையாவது தொலைச்சுட்டியா?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள், கையை எடுக்காமல். "எதுவரைக்கும்னு பார்க்கிறேன்."